ஒப்பந்தம் பதிவாகாமல் அப்ரண்டிஸாகச் சேராதீர்கள்

பொறியியல் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் வேலை தேடும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் வசனம்: “ஒரு வருஷம் ட்ரெய்னியா இருங்க, அப்புறம் பார்க்கலாம்.” வருஷம் முடிந்ததும் பலர் கையில் வேலையும் இருப்பதில்லை, காட்ட ஒரு தாளும் இருப்பதில்லை.

அதே ஒரு வருஷத்தைச் சட்டப்படி அப்ரண்டிஸாக, அதாவது தொழிற்பழகுநராகக் கழிக்க நாட்ஸ் (NATS) எனும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. 1961 தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் மத்திய கல்வி அமைச்சகம் நடத்துவது. லேப்பில் எட்டிப் பார்த்த ரோபோவையும் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தையும் ஓடுகிற உற்பத்தி லைனில் கற்கலாம். முடிவில் அரசு சான்றிதழ். பின்னணி இவ்வளவு போதும்.

பெரிய பொறி இதுதான். பட்டம் பெற்றபின் ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவமோ பயிற்சியோ இருந்தால் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. அதாவது பதிவில்லாத அந்த ‘ட்ரெய்னி’ வருஷம், சான்றிதழும் தராது, தகுதியையும் பறித்துவிடும். இதை எந்த எச்.ஆரும் சொல்ல மாட்டார். எனவே நாட்ஸ் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நிறுவனத்துடனான பயிற்சி ஒப்பந்தம் தெரிகிறதா என்று பாருங்கள். “அப்லோட் பண்ணிடுவோம்” என்பது ஒப்பந்தம் ஆகாது. பதிவுக்குக் கட்டணமும் கிடையாது; பணம் கேட்கும் ஏஜென்சியை நம்பாதீர்கள்.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பட்டச் சான்றிதழில் ஒற்றை எழுத்து இருக்கும். இந்த ஒரு எழுத்துக்காக நிறுவனம் கல்லூரிக்கு அனுப்பும், கல்லூரி ஆதார் மையத்துக்கு அனுப்பும். சேரும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

2019 விதிகளின்படி பட்டதாரிக்கு மாத உதவித்தொகை குறைந்தபட்சம் 9,000 ரூபாய். 2025-இல் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் 36 சதவீத உயர்வைப் பரிந்துரைத்தது. சேரும் மாதத்தில் அமலில் உள்ள தொகையைக் கேட்டு வாங்குங்கள். குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசின் பங்கு. அது நேராக உங்கள் கணக்குக்கு வர, வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் வரும் கணக்காக அதை ஆதாருடன் இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். இது தெரியாமல் நிறுவனத்தைக் கேட்டால் வங்கி என்பார்கள், வங்கியைக் கேட்டால் போர்ட்டல் என்பார்கள். போர்ட்டல் பேசாது.

உள்ளே போனபின் பேக்கிங்கிலேயே நிறுத்தினால், பயிற்சித் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். தினமும் செய்த வேலையைத் தேதியோடு குறித்து வையுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் நிறுவனம் உங்களிடம் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது என்கிறது சட்டம். சட்டத்தின் பார்வையில் நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. ஆனால் பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் உங்களுக்கும் உண்டு. பயிற்சிக்குப் பின் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை.

தகராறு என்றால் சென்னை தரமணியில் உள்ள தென் மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள், ஒப்பந்த எண்ணோடு. போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.