ரெட்வுட் காட்டுக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகுமுன்: எந்த பாஸ் எங்கே செல்லும், எங்கே செல்லாது

கோடையில் கலிஃபோர்னியாவில் ஒரு ரெட்வுட் பூங்காவின் வாசலில் பார்த்தது இது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார்கள். மகன் கையில் நூலகத்தில் இரவல் வாங்கிய பார்க் பாஸ். வாசலில் நின்றவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: இந்த பாஸ் இங்கே செல்லாது, பார்க்கிங் முன்பதிவும் இல்லை, வண்டியைத் திருப்புங்கள். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியவர்தான் சமாதானம் சொன்னார்: "பரவாயில்லப்பா, மரந்தானே, வர்ற வழியிலேயே பாத்தாச்சு."

அந்தப் பையன் அலட்சியமாக வரவில்லை. பாஸ் எடுத்துக்கொண்டுதான் வந்தான். எந்த பாஸ் எந்தக் காட்டுக்கு என்பதை ஒரே இடத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் ஒவ்வொரு கோடையிலும் இதுவே நடப்பதால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. இந்த மரத்தைச் செம்மரம் என்று சிலர் எழுதுகிறார்கள். நம் செம்மரம் வேறு, இது வேறு. ரெட்வுட் கலிஃபோர்னியாவின் பனிமூட்டக் கடற்கரையை ஒட்டி வளர்வது. வெட்டப்படாத பழைய காடு ஏறக்குறைய ஐந்து சதவீதம்தான் மிச்சம். அந்த மிச்சத்தில் கொஞ்சம் மத்திய அரசிடம், கொஞ்சம் மாநில அரசிடம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள மியூர் வுட்ஸ் 1908 முதல் மத்திய அரசுடையது. பிக் பேசினும் ஹென்றி கவலும் ஹம்போல்ட் ரெட்வுட்ஸும் மாநிலத்துடையவை. வடக்கே தூரத்தில் ஒரு தேசியப் பூங்காவும் மூன்று மாநிலப் பூங்காக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1994 முதல் இரு அரசுகளும் சேர்ந்தே அவற்றை நிர்வகிக்கின்றன. எல்லாச் சிக்கலும் இந்தப் பங்கு பிரிப்பில்தான் தொடங்குகிறது. மரத்தைப் பார்த்தால் யாருடைய மரம் என்று தெரியாது. பாஸைப் பார்ப்பவர் அதை மட்டும்தான் கேட்பார்.

கலிஃபோர்னியா நூலகங்கள் கொடுக்கும் பார்க் பாஸ் மாநிலப் பூங்காக்களுக்கு மட்டும். மியூர் வுட்ஸில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. நூலகத்தில் பாஸ் எண்ணிக்கை குறைவு, வரிசை வாரக்கணக்கில் நீளும். பெற்றோருக்கு விமான டிக்கெட் போட்ட அன்றே நூலகத்தில் கேட்டுப் பெயர் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: அந்த பாஸ் கட்டணத்துக்குத்தான் விலக்கு, இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. பிக் பேசின் 2020 ஆகஸ்ட் தீயில் பெரும்பகுதி எரிந்து, 2022இல்தான் மறுபடி திறந்தது. பார்க்கிங் இடம் மிகக் குறைவு. பாஸ் இருந்தாலும் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.

அடுத்தது முதியோர் பாஸ். மத்திய அரசின் சீனியர் பாஸ் ஒரு வருடத்துக்கு 20 டாலர், ஆயுள் முழுக்க 80 டாலர். 62 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதோடு பலர் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியில்தான் இருக்கிறது கண்ணி: அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். விசிட்டர் விசாவில் வந்த அப்பாவுக்கு எண்பது வயதானாலும் கிடைக்காது. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைக் காட்டினால் போதும் என்று நம்பி வரிசையில் நின்று, கடைசியில் முழுக் கட்டணம் கட்டியவர்கள் பலர்.

இதற்கு நேர்மாறான இழப்பும் நடக்கிறது, எனக்கு அதுதான் இன்னும் வருத்தம். பிள்ளைகள் மூலம் கிரீன் கார்டு வாங்கி இங்கேயே இருக்கும் அப்பா அம்மாக்களுக்கு இந்த உரிமை உண்டு. அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மியூர் வுட்ஸில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தலைக்கு 15 டாலர். பாட்டியிடம் 20 டாலர் பாஸ் இருந்தால் பாட்டியோடு இன்னும் மூன்று பெரியவர்கள் நுழைவுக் கட்டணம் இல்லாமல் போகலாம். 60 டாலர் ஒரே நாளில் மிச்சம். ஆனால் பாட்டி கூட வர வேண்டும், போட்டோ உள்ள அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு பாஸை மட்டும் எடுத்துப் போனால் செல்லாது.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் ஆக்சஸ் பாஸ் ஆயுள் முழுக்க இலவசம். இதற்கும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். குறைபாடு நிரந்தரமானதாக இருக்க வேண்டும்; கால் முறிந்து மூன்று மாதம் கட்டுப் போட்டிருப்பவருக்குக் கிடையாது. மோசமான அலைச்சல் ஆவணத்தில்தான். காரில் தொங்கவிடும் நீல நிற பார்க்கிங் அட்டை இருக்கிறதே, அதையே சான்றாகக் காட்டலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதை ஏற்க மாட்டார்கள். மருத்துவர் கடிதம் வாங்கினால், குறைபாடு நிரந்தரமானது என்பதும், அன்றாட வாழ்வின் முக்கியச் செயல் ஒன்றையாவது அது பெரிதும் தடுக்கிறது என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். நோயின் பெயரை மட்டும் எழுதித் தரும் கடிதத்தால் பயன் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, போலியோவில் கால் போனவர், "நிரந்தரம்" என்ற ஒரு சொல் இல்லாததால் இரண்டாம் முறை மருத்துவரிடம் போய் வந்தார். கால் எதிரே இருக்கிறது, கடிதத்தில் சொல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

மத்திய அரசின் சாதாரண வருடாந்திர பாஸிலும் 2026 ஜனவரி 1 முதல் இரண்டு விலை: இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. அதோடு 11 தேசியப் பூங்காக்களில், வருடாந்திர பாஸ் இல்லாத 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர். ரெட்வுட் தேசியப் பூங்காவும் மியூர் வுட்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை. செக்கோயா, கிங்ஸ் கேன்யன், யோசெமிட்டி பட்டியலில் இருக்கின்றன. செக்கோயாவும் பெரிய மரம்தானே என்று பெயரைக் குழப்பிக்கொண்டு அங்கே போனால், அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து 200 டாலர் கூடுதலாகப் போகும். செக்கோயா கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி மலையில் வளரும் மரம், பருமன் அதிகம். உயரத்துக்குப் பெயர்போன ரெட்வுட் கடற்கரைப் பக்கம். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, மியூர் வுட்ஸ். பே ஏரியா குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 2018 முதல் காரில் போய் நிறுத்துவதற்கோ, பூங்கா ஷட்டில் பஸ்ஸில் போவதற்கோ முன்பதிவு கட்டாயம். இதற்கான கட்டணம் தனி, நுழைவுக் கட்டணம் தனி. சீனியர் பாஸோ வருடாந்திர பாஸோ நுழைவைத்தான் தள்ளுபடி செய்யும். பார்க்கிங் காசு கட்டியே ஆக வேண்டும். ஊனமுற்றோருக்கான இடத்தில் நிறுத்துபவர்களுக்கும் முன்பதிவு வேண்டும். நுழைவு இலவசம் என்று அறிவிக்கும் நாட்களிலும் வேண்டும். கொடுத்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பெரியவர்களோடு போகிறவர்கள் வழியில் பாத்ரூம், காபி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. உறுதிச்சீட்டை வீட்டிலேயே டவுன்லோடு செய்யுங்கள், இல்லாவிட்டால் தாளில் அச்சடியுங்கள். ஊபரில் போய் இறங்கிவிடலாம் என்று யோசிப்பவர்களும் கவனியுங்கள்: திரும்பி வர வண்டி கூப்பிட சிக்னல் இல்லை. எழுபது வயது அம்மாவோடு அந்த வளைந்த மலைச்சாலையில் நிற்க நேரும்.

வடக்கே, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணம். ரெட்வுட் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை, வாசலும் இல்லை. நிம்மதி என்று தோன்றும். ஆனால் அங்கே தனித்தனி இடங்களுக்குத் தனித்தனி அனுமதி. டால் ட்ரீஸ் என்ற தோப்புக்கு இலவச அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால்தான் பூட்டிய கேட்டைத் திறக்கும் எண் கிடைக்கும். நேரே போய் நின்றால் கேட்டைத்தான் பார்க்கலாம். அதோடு அங்கே போகும்போது இறக்கம், திரும்பும்போது முழுக்க ஏற்றம். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம். ஃபெர்ன் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்கு மே 15 முதல் செப்டம்பர் 15 வரை முன்பதிவு தேவை. அது இலவசம், ஆனால் கோல்ட் பிளஃப்ஸ் கடற்கரை வாசலில் கட்டும் நாள் கட்டணத்தை அது ஈடுகட்டாது. போகும் வழி மண்பாதை, நடுவில் ஓடையைத் தாண்ட வேண்டும். தாழ்வான வாடகைக் காரில் போகாதீர்கள்.

ஹைப்பீரியன் என்ற உலகின் மிக உயரமான மரத்தைத் தேடிப் போகவே போகாதீர்கள். சுமார் 116 மீட்டர். 2022இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசாவில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. அந்த ஒரு விதியில் மட்டும் நான் அதிகாரிகள் பக்கம். அங்கே போனவர்களின் கால்பட்டே மரத்தடி பாழாகிவிட்டது.

இத்தனை சீட்டும் வேண்டாம் என்றால் அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ் இருக்கிறது. ஹம்போல்ட் பூங்காவுக்குள் 101 நெடுஞ்சாலைக்குப் பக்கவாட்டில் 31 மைல் ஓடும் பழைய சாலை. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, விசா கேட்பவர் இல்லை. வழியில் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற தோப்பில் இறங்கினால் அரை மைல் சுற்றுப்பாதை, ஏற்றம் கிடையாது. 1991இல் விழுந்த டயர்வில் ஜயன்ட் என்ற பெரிய மரம் அங்கேயே கிடக்கிறது. அதன் பக்கத்தில் அப்பாவை நிறுத்திப் படம் எடுக்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப முயலாதீர்கள், வழியில் ஒரு இரவு தங்குங்கள். பெட்ரோல் டேங்கை வழியில் வரும் யூக்கையா ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.