மரப்பட்டையே மேய்ச்சல் நிலம்: குள்ள அணில்களின் கணக்கு

காபோன், கேமரூன் மழைக்காடுகளில் வாழும் ஆப்பிரிக்கக் குள்ள அணிலின் எடை சுமார் 16 கிராம். தலையும் உடலும் சேர்ந்தே ஏழு சென்டிமீட்டர்தான். போர்னியோ தீவிலும் ஏறக்குறைய இதே அளவில் ஒரு குள்ள அணில் உண்டு. அமேசான் காட்டில் இருப்பது சற்றுப் பெரியது. 30 கிராமைத் தாண்டும். மூன்றையும் உடன்பிறப்புகள் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அணில் குடும்பத்துக்குள் இவை வெகு தூரத்து உறவுகள். அமேசான் அணிலின் மூதாதையர் மற்ற அணில்களிடமிருந்து சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள்.

தனித்தனியே பிறந்தும் இவை இவ்வளவு சிறிதாகச் சுருங்கியதோடு நெருங்கிய தொடர்புடையது மரப்பட்டை. பெரிய அணில்கள் பழத்தையும் கொட்டையையும் தேடி அலைய, இவை நாளெல்லாம் அடிமரத்தைச் சுரண்டுகின்றன. பட்டைத் துணுக்கு, அதில் படர்ந்த பாசி, ஒளிந்திருக்கும் சிறு பூச்சி, அமேசானில் மரப்பிசினும்கூட. எல்லாம் அற்ப உணவு. ஆனால் பழத்தைப்போல் பருவம் பார்ப்பதில்லை. பெரிய வயிறு இதை நம்பிப் பிழைக்க முடியாது. 16 கிராம் உடலுக்குப் போதும்.

செங்குத்தான மரத்தில் தொற்றிக்கொண்டே மேய்வதற்கும் குள்ள உருவம் உதவுகிறது. உடலின் நீளம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். எடையைத் தாங்கும் நகத்தின் குறுக்குப் பரப்போ நான்கில் ஒரு பங்காக மட்டுமே குறையும். அதாவது, தாங்க வேண்டிய எடையோடு ஒப்பிட்டால் நகம் இரு மடங்கு உறுதி. கிளையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஓடுவது இவற்றுக்குச் சாகசமே அல்ல.

கடினமான கொட்டையை உடைக்கும் வேலை இல்லாததால் தாடையும் மாறியிருக்கிறது. ஆப்பிரிக்க, அமேசான் குள்ள அணில்களின் கீழ்த்தாடை எலும்புகள் உறவையும் மீறி ஒத்திருக்கின்றன. குள்ளமானதால் பட்டைக்கு வந்தனவா, பட்டைக்கு வந்ததால் குள்ளமாயினவா? ஒன்று மற்றொன்றைத் தள்ளியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. உடல் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஏற்ற விகிதத்தில் தோலின் பரப்பு கூடும். வெப்பம் விரைவாக வெளியேறும். குளிர்நாட்டில் இந்த உடலை வைத்துக்கொண்டு பட்டைத் துணுக்கு தின்று காலம் தள்ள முடியாது. ஆண்டு முழுவதும் கதகதப்பாக இருக்கும் காடு இந்தச் செலவைக் குறைக்கிறது. அமேசான் அணில் மரத்தின் மேலுள்ள, கரையான்கள் கைவிட்ட கூடுகளில் தங்கவும் செய்கிறது. அதன் குரல் சிள்வண்டின் ஒலியைப் போன்றது என்பதால், காட்டில் கேட்பவர்கள் அதை அணில் என்று ஐயப்படுவதே அரிது.