எண்ணெய் குறைவாக எரித்தும் சி.ஐ.ஐ ரேட்டிங் ஏன் சரிகிறது?

“போன வருஷத்தைவிட 1,200 டன் எண்ணெய் குறைவாகத்தான் எரித்திருக்கிறோம். அப்புறம் எப்படி சி-யிலிருந்து டி-க்குப் போகும்? உங்கள் கணக்கில்தான் தப்பு.” ஜனவரி பிறந்தால் கப்பலிலிருந்தும் ஆபீஸிலிருந்தும் இதே சண்டை. கணக்கில் தப்பில்லை. 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் சி.ஐ.ஐ விதியை (கப்பலின் கார்பன் செறிவைக் கணக்கிட்டு, சிறந்த ஏ முதல் மோசமான ஈ வரை ஆண்டுதோறும் ரேட்டிங் போடும் விதி) பலர் இன்னும் உட்கார்ந்து படிக்கவில்லை, அவ்வளவுதான்.

சூத்திரத்தில் மர்மம் ஒன்றும் கிடையாது. ஆண்டு முழுக்க எரித்த எண்ணெயை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற வேண்டும்: ஹெவி ஃப்யூயல் என்றால் 3.114-ஆல், எம்.ஜி.ஓ (கப்பல் டீசல் வகை) என்றால் 3.206-ஆல் பெருக்கல். வந்ததைக் கப்பலின் டெட்வெயிட்டாலும் (அது சுமக்கக்கூடிய மொத்த எடை) ஓடிய கடல் மைலாலும் வகுத்தால் சி.ஐ.ஐ. இலக்கு எண் 2019-ஐ அடிப்படையாக வைத்து ஆண்டுதோறும் இறங்கும். 2023-இல் 5 சதவீதக் குறைப்பு, 2026-இல் 11, 2030-இல் 21.5.

இப்போது அந்த 1,200 டன்னுக்கு வருவோம். 58,000 டன் டெட்வெயிட் உள்ள ஒரு பல்க் கேரியர் (தானியம், நிலக்கரி போன்றவற்றைக் கொட்டி ஏற்றும் கப்பல்). 2026 இலக்கு, ஒரு டெட்வெயிட் டன்னுக்கு ஒரு மைலுக்கு, சுமார் 4.60 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 4.32-க்கும் 4.88-க்கும் நடுவில் இருந்தால் சி, அதற்கு மேல் 5.43 வரை டி. கப்பல் ஆண்டில் 220 நாள் ஓடுகிறது, ஒரு நாளைக்கு 300 மைல், 24 டன். மீதி 145 நாள் துறைமுகத்திலும் நங்கூரத்திலும், நாளுக்கு 4 டன். மொத்தம் 5,860 டன் எண்ணெய், 66,000 மைல், சி.ஐ.ஐ 4.77. சி. அதே கப்பல் நெரிசலான துறைமுகங்களுக்கு வெளியே கூடுதலாக 60 நாள் நங்கூரம் போட்டுக் கிடக்கிறது என்று வையுங்கள். எண்ணெய் 4,660 டன்னாகக் குறையும், ஆனால் மைல் 48,000-ஆகிவிடும். சி.ஐ.ஐ 5.21. டி.

ஆக, வளிமண்டலத்துக்குப் போன கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 3,700 டன் குறைந்திருக்கிறது. ரேட்டிங்கோ ஒரு படி கீழே. காரணம், இது ஒரு பின்னம். எல்லோரும் மேலே இருக்கும் எண்ணெயையே பார்க்கிறார்கள். கீழே இருக்கும் தூரம் சுருங்குவதை யாரும் பார்ப்பதில்லை. நங்கூரத்தில் கிடக்கும் கப்பலின் ஜெனரேட்டரும் பாய்லரும் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும், மைல் மட்டும் பூஜ்யம். இன்னொன்று: வகுப்பது டெட்வெயிட்டால்தான், ஏற்றிய சரக்கால் அல்ல. நிறைய சரக்கு ஏற்றினால் ரேட்டிங் ஏறாது. சரக்கில்லாமல் பாலஸ்டில் (நிலைப்புக்கு நீர் நிரப்பி) ஓடும் பயணம், எண்ணெய் குறைவு என்பதால், எண்ணை அழகாக்கிக் காட்டும். அளவுகோலே கோணல் என்பீர்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரேட்டிங் இந்த அளவுகோலில்தான் வரும். ஐரோப்பிய இ.டி.எஸ் (உமிழ்வுக்குக் காசு கட்டும் திட்டம்) வேறு கதை. அங்கே டன்னுக்குத்தான் காசு, எண்ணெய் குறைந்தால் பில் குறையும். இரண்டையும் ஒரே எக்ஸெல் ஷீட்டில் போட்டுக் குழப்பாதீர்கள்.

அளப்பதில் நடக்கும் கூத்து தனி. மெயின் இன்ஜினுக்குப் போகும் சூடான லைனில் ஃப்ளோ மீட்டர். எண்ணெய் 130 டிகிரியில் இருக்கும். லிட்டர் எண்ணை அப்படியே எடுத்து, பங்கர் ரசீதில் (எண்ணெய் ஏற்றியபோது தந்த ரசீது) உள்ள 15 டிகிரி அடர்த்தியால் பெருக்கினால் 7 சதவீதம்போல அதிகமாகக் காட்டும். வெப்பநிலைத் திருத்தம் போடுங்கள். ரிட்டர்ன் லைனில் திரும்பி வருவதைக் கழிக்க மறந்தவர்களும் உண்டு. மாதம் ஒருமுறையாவது டேங்க் சவுண்டிங்கோடு (தொட்டியில் உள்ள எண்ணெயை நேரடியாக அளப்பது) ஒத்துப் பாருங்கள். தூரம் என்பது தரைமேல் ஓடிய தூரம், ஜி.பி.எஸ் தருவது, ஸ்பீட் லாக் காட்டும் நீர்வழித் தூரம் அல்ல. எதிர் நீரோட்டத்தில் இரண்டும் நன்றாகவே விலகும். பாய்லர், ஜெனரேட்டர், டேங்கரில் இனெர்ட் கேஸ் ஜெனரேட்டர் எரிப்பதெல்லாம் கணக்கில் சேரும். துறைமுகத்தில் எரித்ததும் சேரும். “கரையில் கட்டியிருந்தோமே” என்பது பதில் இல்லை.

என்ன செய்யலாம்? வேகம்தான் பெரிய நெம்புகோல். வேகத்தில் 10 சதவீதம் குறைந்தால் பவர் சுமார் 27 சதவீதம் குறையும், மைலுக்கு எண்ணெய் ஏறத்தாழ 19. ஆனால் மெயின் இன்ஜினுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. ரொம்ப மெதுவாக ஓட்டினால் எகனாமைசரில் (இன்ஜின் புகையின் சூட்டில் நீராவி எடுக்கும் கருவி) நீராவி போதாமல் பாய்லரைப் பற்றவைக்க வேண்டிவரும், இன்ஜினுக்குக் காற்று ஊதும் ஆக்ஸிலரி புளோயரும் ஓடத் தொடங்கும். சேமித்ததில் கொஞ்சம் அங்கே போய்விடும். அதைவிட, விரைந்து போய் பத்து நாள் நங்கூரம் போடுவதை நிறுத்துங்கள். துறைமுகத்தில் பெர்த் (கப்பல் கட்டும் இடம்) கிடைக்கும் தேதியைக் கேட்டு அதற்கேற்ப ஓட்டுங்கள். டைம் சார்ட்டரில் (குறித்த காலத்துக்குக் கப்பலை வாடகைக்கு விடுவது) வேகத்தைச் சொல்வது வாடகைக்கு எடுத்த சார்ட்டரர், ரேட்டிங் ஒட்டுவது உங்கள் கப்பலில். கப்பல் துறைச் சங்கமான பிம்கோ 2022-இல் கொண்டுவந்த சி.ஐ.ஐ ஷரத்தைக் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். பின்னால் மன்றாடிப் பயனில்லை.

வெதுவெதுப்பான கடலில் வாரக்கணக்கில் கிடந்த கப்பலுக்கு, பாசியும் சிப்பியும் ஒட்டும் அடிப்பகுதியை டைவர் விட்டுப் பார்க்காமல் அடுத்த பயணம் கிளப்பாதீர்கள். புரொப்பெல்லர் பாலிஷ் மலிவான வேலை, தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை. துறைமுகத்தில் இரண்டு ஜெனரேட்டரை 30 சதவீத லோடில் ஓடவிட்டுத் தூங்கும் பழக்கமும் போகட்டும். கிரேன், பாலஸ்ட் பம்ப் ஓடாத நேரத்தில் ஒன்று போதும். கரை மின்சாரம் கிடைத்தால் இணையுங்கள், அது உங்கள் எண்ணில் ஏறாது.

“ஈ” ரேட்டிங் வாங்கினால் கப்பலைக் கட்டிவைத்துவிடுவார்கள் என்ற வதந்தியை நம்ப வேண்டாம். ஒரு ஆண்டு ஈ, அல்லது தொடர்ந்து மூன்று ஆண்டு டி வந்தால் சீம்ப் (கப்பலின் எரிசக்தித் திறன் மேலாண்மைத் திட்டம்) மூன்றாம் பாகத்தில் திருத்த நடவடிக்கைத் திட்டம் எழுத வேண்டும். அது சரிபார்க்கப்பட்ட பிறகுதான் இணக்கச் சான்று வரும். முந்தைய ஆண்டின் டேட்டா மார்ச் 31-க்குள் போய்ச் சேர வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் போன் போட்டு “ஏதாவது பண்ணுங்க” என்றால் பண்ண எதுவும் மிச்சமிருக்காது. ஜூனிலேயே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். திட்டத்தில் “வேகம் குறைக்கப்படும், கண்காணிக்கப்படும்” என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் திரும்பித்தான் வரும். எந்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், அதனால் எத்தனை சதவீதம் இறங்கும் என்று எழுதுங்கள், தயவுசெய்து.