திங்கட்கிழமை வயிற்றுவலி

ஏழாம் வகுப்புப் பிள்ளை. சேர்வராயன் மலையில் ஒரு கிராமம். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வந்துவிடும். ஸ்கேன் எடுத்தாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை என்றதும் மனநல ஆலோசகரான என்னிடம் அனுப்பி வைத்தார்கள்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் வாயைத் திறந்தாள். உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில், "எஸ்.டி. எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். எழுந்து நின்றது இவள் ஒருத்திதான். சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருந்ததை யாரோ எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ மலையாளம் பேசு" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் அது 'காட்டுவாசி' ஆகிவிட்டது.

சேர்வராயன், கல்வராயன் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது தமிழ்தான். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகத் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டு. அதில் ஒன்று ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும், அவர்கள் ஊர் வந்துவிடும். ஆனால் சேலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்காடு என்றால் படகு சவாரியும் கோடை விழாவும்தான். அங்கே காலங்காலமாக வாழ்கிறவர்கள் யார் என்று நாம் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

இன்னொரு பிள்ளை, நான்காம் வகுப்புப் பையன். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார், பீகாரிலிருந்து வந்த குடும்பம். பள்ளியில் அவனுக்கு 'வடக்கன்', 'பானிபூரி' என்று இரண்டு பட்டப்பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே தப்பாக எழுதப்பட்டிருந்தது. கிண்டல் செய்தவர்களில் ஒருவன் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவன். இன்னொருவன் வீட்டில் தெலுங்கு. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் போனால் எத்தனை மொழி காதில் விழும் என்று சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். எங்கிருந்தோ வந்து தறி போட்டுப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், நேற்று வந்தவனைப் பார்த்து 'வந்தேறி' என்கிறார்கள். இந்த வார்த்தையைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசியதையும் போனில் ஓடும் வீடியோக்களையும் கேட்டுத்தான் வருகிறார்கள்.

சரி, இதில் உள்ளாட்சிக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 9ஆவது பிரிவு முழுக்க உள்ளாட்சி அமைப்பின் கடமைகள்தான். நலிந்த பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்வது, தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருப்பது, இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாமே அதில் இருக்கின்றன. பட்டறைத் தெருவில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் இருக்கிறார்கள் என்ற கேள்வியை வார்டு உறுப்பினரிடம் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். உள்ளாட்சிப் பிரதிநிதியும் அதில் உறுப்பினர்.

அந்தப் பையன் விஷயத்தை அப்படியொரு குழுக் கூட்டத்துக்குத்தான் கொண்டு போனோம். முதலில் வந்த யோசனை, கிண்டல் செய்த பிள்ளைகளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பது. வேண்டவே வேண்டாம் என்றேன். அப்படிச் செய்த இடங்களில் கிண்டல் நின்றதில்லை, கழிப்பறைப் பக்கமும் பள்ளி விட்டுப் போகும் வழிக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான். உறுதிமொழி, சுவரொட்டி, பேச்சுப்போட்டி இவற்றிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

பலன் தந்தவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். பதிவேட்டில் பெயரைத் திருத்தி, அதைச் சரியாக உச்சரிக்க ஆசிரியர் முதலில் பழகினார். பையனின் அம்மாவையும் கூட்டத்துக்கு அழைத்தோம். இந்தி தெரிந்த இன்னொரு தாய் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அரசுப் பள்ளிகளில் 2024 முதல் 'மகிழ் முற்றம்' என்று மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறார்கள். கிண்டல் செய்தவனும் இவனும் ஒரே குழுவில் கபடி ஆட வேண்டி வந்தது. ஒருவன் பிடிபட்டால் குழுவுக்கே நஷ்டம் என்றானதும் 'வடக்கன்' மெல்லக் குறைந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் தவறு பெரியவர்களுடையது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதியின் பேரில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், கையில் வண்ணக் கயிறு கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. இவற்றில் பலவற்றுக்குப் பணமே தேவையில்லை. சாதியைச் சொல்லி எழுப்பாமல், படிவத்தைத் தனியாக அழைத்து வாங்க ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளையிடம் 'உன்னை யாராவது கிண்டல் பண்றாங்களா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'உங்க வகுப்புல யாருக்கெல்லாம் பட்டப்பெயர் இருக்கு, ஏன் அந்தப் பெயர்' என்றும் கேளுங்கள். பதிலில் ஊரோ நிறமோ சாதியோ வந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அங்கே கேட்காவிட்டால் மேலாண்மைக் குழு இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் பிள்ளைகளே கூப்பிடலாம்.

அந்தப் பெண் இன்னும் என்னிடம் வருகிறாள். வயிற்றுவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. இந்த வருடம் படிவத்தை அலுவலக அறையில் வாங்கிக்கொண்டார்களாம். "யாருக்கும் தெரியலை" என்றாள். நிம்மதியாக இருந்தது. ஆனால் தன் இனத்தின் பெயரை மறைக்க வேண்டிய ஒன்றாக அவள் நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது எங்கள் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். போன வாரம், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைப் பாட்டி சொன்னபடியே முழுசாக எனக்குச் சொன்னாள்.