பனி விழுந்த இரவில் 65528

ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி பாலாடாவில் கேரட் போட்டிருப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி இரவுகளில் தூக்கம் வராது. உறைபனி விழுந்தால் விடிவதற்குள் இலை கருகிவிடும். வெப்பநிலை 1 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஸ்பிரிங்ளர் மோட்டாரை ஓடவிடும் சிறு பெட்டி ஒன்றை மாமாவின் தோட்டத்துக்காகச் செய்தேன். சிப்பில் நிரலை ஏற்றும் புரோகிராமர், ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கர் ஆகிய இரு கருவிகளில் எதை முதலில் வாங்குவது என்று அந்தப் பெட்டிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. பாதியில் மோட்டார் நின்றால் ஈர இலை இன்னும் குளிர்ந்துபோகும்.

நின்றது. 1 டிகிரியில் ஓடத் தொடங்கிய மோட்டார், சுழியத்துக்குக் கீழே போனதும் நின்றுவிட்டது. பெட்டியின் மூளையாக முதலில் இருந்த ஏடிமெகா328பி சிப்பில் ஒழுங்காக ஓடிய நிரலைத்தான் எஸ்டிஎம்32எஃப்103 சிப்புக்கு மாற்றியிருந்தேன். வீட்டில் ஐஸ் தண்ணீரில் சென்சாரை முக்கிப் பார்த்தபோதும் ஒரு குறையும் தெரியவில்லை.

இந்த இடத்தில் புரோகிராமர் உதவாது. நிரலைச் சிப் ஓட்டக்கூடிய வடிவில் வைத்திருக்கும் ஹெக்ஸ் கோப்பைச் சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. நிரல் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

டீபக்கருக்குத் தெரியும். காரணம், டீபக்கரில் பாதி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சிப்பின் கார்ட்டெக்ஸ்-எம்3 ப்ராசஸரில் முகவரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் 6 சிறு சுற்றுகள் உண்டு. நிரலின் ஒரு வரியுடைய முகவரியை அவற்றில் ஒன்றில் வைத்துவிட்டால், அந்த வரிக்கு வந்ததும் ப்ராசஸர் நின்றுவிடும். இதுதான் பிரேக்பாயின்ட். நின்ற நிலையில் ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் லேப்டாப்பில் படிக்கலாம். டீபக்கரின் மறு பாதி வெளியே மாட்டும் எஸ்டி-லிங்க் கருவி; இரண்டு சிக்னல் கம்பியும் ஒரு கிரவுண்டும் வழியாக அது சிப்போடு பேசும். நிரலை ஏற்றுவதையும் அதுவே செய்துவிடும்.

ஐஸில் உப்பைக் கொட்டி சுழியத்துக்குக் கீழே இறக்கினேன். பிரேக்பாயின்ட் வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். வெப்பநிலையை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார் ஒவ்வொரு பிட்டையும் மைக்ரோவிநாடிக் கணக்கில் அனுப்புகிறது. நடுவில் ப்ராசஸரை நிறுத்தினால் வரும் எண் குப்பைதான். அதனால் இரண்டு பைட்டும் வந்து சேர்ந்த அடுத்த வரியில் நிறுத்தினேன். மாறியில் இருந்த எண் 65528.

பார்த்ததும் புரிந்துவிட்டது. சென்சார் ஒரு டிகிரியை 16 படிகளாகப் பிரிக்கிறது, -0.5 டிகிரி என்றால் -8, அதை 16 பிட்டில் அனுப்பும். மாறியை நான் இன்ட், அதாவது முழு எண், என்று அறிவித்திருந்தேன். பழைய சிப்பில் இன்ட் என்பது 16 பிட், அங்கே அது -8 ஆகவே இருந்தது. புதிய சிப்பில் இன்ட் 32 பிட். மேல் பாதியில் சுழியங்கள் நிரம்பி -8 என்பது 65528 ஆகிவிட்டது, அதாவது 4095.5 டிகிரி! குளிரே இல்லை என்று நினைத்துப் பெட்டி மோட்டாரை நிறுத்தியிருக்கிறது. மாறியை 16 பிட் குறியுள்ள எண்ணாக (கழித்தல் மதிப்பையும் ஏற்கும் வகை) அறிவித்ததும் சரியாகிவிட்டது. சீரியல் போர்ட்டில் எண்களை அச்சிட்டும் இதைப் பிடிக்கலாம்தான், ஆனால் எதை அச்சிடுவது என்று முதலில் சந்தேகம் வர வேண்டும். நிரலை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் முதல் காசை டீபக்கருக்குக் கொடுங்கள் என்பேன்.

நிரல் தேறிய பிறகு கதை வேறு. அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் சேர்த்து இருபது, முப்பது பெட்டி என்று வந்தால், ஹெக்ஸ் கோப்பைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் தனிப் புரோகிராமர்தான் வசதி. லேப்டாப் வேண்டாம். மாட்டி, பொத்தானை அழுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்த போர்டு. மூடுபனிக்குள் வரப்பில் நின்று நிரலைப் புதுப்பிக்கவும் அதுவே தோது.

டீபக்கரோடு வேலை செய்யும்போது கவனிக்க இன்னும் இரண்டு விஷயங்கள். ப்ராசஸர் நின்றாலும் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே நிற்காது; மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், முதலில் அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் பேட்டரி. சிப் தூங்கும்போதும் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், டீபக்கர் உள்ளே கடிகாரத்தை ஓடவிடலாம். அந்த அமைப்பு ரீசெட் பொத்தானுக்கும் அழியாது. மின் செலவை அளக்கும் முன் டீபக்கரைக் கழற்றி, பேட்டரியையும் ஒருமுறை எடுத்து மாட்டுங்கள்.