நட்பு நாடு வேறு, கூட்டணி நாடு வேறு

‘கிரேக்கத்துக்கும் அதன் நட்பு நாடான துருக்கிக்கும் இடையே மீண்டும் பதற்றம்’ என்று ஒரு தொலைக்காட்சிச் செய்தியில் வரி ஓடியது. “நட்பு நாடென்றால் ஏன் சண்டை போடுகிறார்கள்?” என்று பக்கத்தில் இருந்த தம்பி மகள் கேட்டாள். சிறுமிக்குத் தட்டுப்பட்ட முரண், ஆங்கிலத்தின் ‘அலை’ (ally) என்ற சொல்லை நட்பு நாடு என்று மொழிபெயர்த்தவருக்குத் தட்டுப்படவில்லை. அந்த இரு நாடுகளும் 1952 முதல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் இருக்கின்றன. சைப்ரஸுக்காகவும் ஏஜியன் கடலுக்காகவும் போர் மூளும் நிலைக்குப் பலமுறை போயிருக்கின்றன. அவை ஒரே கூட்டணியில் இருக்கும் நாடுகள். நண்பர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கூட்டணியைக் குறிக்கும் ‘அலையன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘சேர்த்துக் கட்டு’ என்று பொருள்படும் வினை. நம் வீடுகளில் “பெண்ணுக்கு நல்ல அலையன்ஸ் வந்திருக்கிறது” என்கிறோமே, அதுவும் இதுதான். வடமொழியின் ‘சம்பந்தம்’ பிறந்ததும் கட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்தே. தமிழில் கூட்டு, அணி இரண்டும் சேர்ந்து கூட்டணி ஆயிற்று. அணி என்றால் படைவரிசை. ‘அணிசேரா நாடுகள்’ என்பதிலும் அதே அணிதான் இருக்கிறது. இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்க, ‘நட்பு நாடு’ எதற்கு?

நட்பு மனம் சார்ந்தது; கூட்டணி கடமை சார்ந்தது. 1949-இல் கையெழுத்தான நேட்டோ ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை எல்லோர் மீதுமான தாக்குதலாகக் கொள்ளச் சொல்கிறது. அதில் பிரியம் பற்றிய பேச்சே இல்லை. வள்ளுவருக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது. ‘தன்துணை இன்றால் பகையிரண்டால் தான்ஒருவன் இன்துணையாக் கொள்கவற்றின் ஒன்று’ என்றார். துணையில்லாதவனுக்குப் பகை இரண்டு இருந்தால், ஒன்றைத் துணையாக்கிக்கொள்ளட்டும் என்கிறார். நட்பாக்கிக்கொள் என்று சொல்லவில்லை. நட்புக்கு ‘அகநக நட்பது’ என்று வேறோர் அதிகாரத்தில் இலக்கணம் வைத்திருக்கிறார். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்ததும், காலமெல்லாம் பொதுவுடைமையை எதிர்த்துவந்த சர்ச்சில் ஸ்டாலினோடு கைகோத்தது அந்தக் குறளுக்கு உரை எழுதியதுபோல் இருக்கிறது.

இந்தச் சோம்பல் மொழிபெயர்ப்பால் நட்பு என்ற சொல்லும் கெடுகிறது. 1971 ஆகஸ்டில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்டது அமைதி, நட்புறவு, ஒத்துழைப்பு உடன்படிக்கை. ஒரு தரப்பு தாக்கப்பட்டால் உடனே கலந்து பேசுவோம் என்றது. சேர்ந்து போரிடுவோம் என்று வாக்களிக்கவில்லை. ஆகவே சோவியத் ஒன்றியம் நமக்கு உண்மையாகவே நட்பு நாடாக இருந்தது. எல்லோரையும் நட்பு நாடு என்று எழுதிவிட்டால், இதை எந்தச் சொல்லால் குறிப்பது? 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் டாங்கிகளோடு புகுந்தவை சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த ராணுவக் கூட்டணியில் அதனுடன் இருந்த நாடுகள். அவற்றையும் நட்பு நாடுகள் என்றே எழுதுவார்களா?

‘நேச நாடுகள்’ உலகப் போர்களுக்கு உரிய பெயராக நிலைத்துவிட்டது, அங்கேயே இருக்கட்டும். ‘கூட்டாளி நாடு’ எனக்கு ஒப்பவில்லை. ‘கொள்ளையனின் கூட்டாளி கைது’ என்று நாள்தோறும் படிக்கும் கண்ணுக்கு அதில் குற்றவாடை அடிக்கும். வள்ளுவரின் துணையை எடுத்துக்கொள்ளலாம் என்றால், துணைவேந்தர், துணைத்தலைவர் என்று பழகி அது கீழ்ப்படியைக் குறிப்பதாகிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1798-இல் ஹைதராபாத் நிஜாமின் தலையில் கட்டிய துணைப்படைத் திட்டமும் நினைவுக்கு வரும்.

உள்நாட்டு அரசியலிலும் இதே குழப்பம். தொகுதிகளைப் பிரித்துக்கொள்வது தொகுதி உடன்பாடு. ஒரே அணியாக வாக்குக் கேட்பது கூட்டணி. அமைச்சரவையில் பங்கு கொடுப்பது கூட்டணி ஆட்சி. 1967-இல் தி.மு.க. சுதந்திராக் கட்சியோடும் மார்க்சிஸ்டுகளோடும் சேர்ந்து தேர்தலைச் சந்தித்தது. அண்ணாவின் அமைச்சரவையோ தி.மு.க. அமைச்சரவை மட்டுமே.

புறநானூற்றின் 58-ஆம் பாட்டில் சோழனும் பாண்டியனும் ஒருங்கே வீற்றிருக்கிறார்கள். ‘ஒருவீர் ஒருவீர்க்கு ஆற்றுதிர்’ என்கிறார் புலவர் காரிக்கண்ணனார். ஒருவருக்கொருவர் உதவுங்கள் என்று சொல்லி, அந்தச் சேர்க்கைக்கு அவர் வைக்கும் பெயர் உடனிலை. அழகான சொல். ஆனால் நாளைய செய்தியில் ‘உடனிலை நாடு’ என்று எழுதச் சொல்ல மாட்டேன். ‘கூட்டணி நாடான துருக்கி’ என்றால் அந்தச் சிறுமிக்கும் புரியும்.