நெதர்லாந்து: பெயரும் பொருளும்

‘நெதர்’ என்பது இன்றைய ஆங்கிலப் பேச்சில் அரிதாகிவிட்ட பழஞ்சொல். தாழ்ந்த, கீழேயுள்ள என்று பொருள்படும். ரைன், மியூஸ், ஸ்கெல்ட் ஆகிய ஆறுகள் கடலில் கலக்கும் சமவெளியாகிய நெதர்லாந்தில், நிலப்பரப்பின் ஏறத்தாழ 26 விழுக்காடு கடல்மட்டத்துக்கும் கீழே கிடப்பதால், ‘தாழ்நிலம்’ என்னும் பெயர் அதற்கு முற்றிலும் பொருந்துகிறது. அந்நாட்டு மக்கள் இப்பெயரை ஒருமையில் வழங்க, ஆங்கிலமோ இன்றைய பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் உள்ளிட்ட பல மாகாணங்களை ஒருசேரக் குறித்த காலத்தின் பன்மை வடிவத்தையே இன்னும் வைத்திருக்கிறது.

ஹாலந்து என்பது நாட்டின் பெயரன்று, அதன் மேற்குப் பகுதியின் பெயர்; 1840 முதல் அது வடக்கு, தெற்கு என இரு மாகாணங்களாக உள்ளது. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் போன்ற வணிக நகரங்கள் அங்கே இருந்தமையால் பகுதியின் பெயர் முழுமைக்கும் ஆகிவந்தது. நம் இலக்கணத்தார் இதைச் சினையாகுபெயர் என்பார்கள். ‘குழிந்த நிலம்’ என்று அதற்குப் பலர் பொருள் சொல்வது ஒலியொப்புமையால் வந்த பிழை. ‘ஹோல்ட்லண்ட்’, அதாவது மரங்கள் அடர்ந்த நிலம் என்பதே மூலம். 2020 முதல் அந்நாட்டு அரசு தன் விளம்பரங்களில் ஹாலந்து என்னும் பெயரைத் தவிர்த்துவருகிறது.

டச்சு என்பதோ ‘மக்களுக்குரிய’ என்று பொருள்பட்ட பழஞ்சொல்லின் வழிவந்தது. ஜெர்மானியர் தம்மைக் குறிக்கும் ‘டாய்ச்’ என்பதும் அதே வேரினதே.

தமிழில் ‘நெதர்லாந்து’ ஆங்கிலத்தின் வழியாக வந்தது என்பதற்கு ‘நெதர்’ என்பதிலுள்ள தகரமே சான்று, ஏனெனில் டச்சு மொழியில் அவ்விடத்தில் டகரமே ஒலிக்கிறது. இதற்கும் முற்பட்டது, பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கொண்டிருந்த காலத்தை நினைவூட்டும் ‘ஒல்லாந்து’. ஹகரத்தை விடுத்து, குற்றியலுகரத்தில் முடியும் இவ்வடிவம் தமிழ் ஒலிமரபுக்கு நன்கு இசைந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் ஒல்லாந்தர் என்றே எழுதுகின்றனர்.

பொருளைப் பெயர்ப்பதானால் ‘கீழ்நாடு’ உதவாது. கீழ் என்பது நமக்குக் கிழக்கையும் குறிப்பதால் ஐரோப்பிய நாடு ஆசியாவுக்கு வந்துவிடும்! பெல்ஜியத்தையும் சேர்த்துச் சுட்டும் இடத்தில் ‘தாழ்நில நாடுகள்’ எனலாம். இன்றைய நாட்டுக்கு நெதர்லாந்து என்பதும், வரலாற்று எழுத்தில் அந்நாட்டவருக்கு ஒல்லாந்தர் என்பதுமே தக்கவை.